கோட்டைக்குள் ஓர் ஒளிப்பட உலா

காலிக் கோட்டையைப் பற்றி நேயர்கள் பல பேச்சுக்களைக் கேட்டிருப்பீர்கள். போர்த்துக்கீசர் 1588ஆம் ஆண்டளவில் அங்கே அரண் எழுப்பத் தொடங்கியதும், 1640ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிக் கருங்கல்லும் முருகைக்கல்லும் கொண்டு பெருங்கோட்டையாக்கியதும், 1796இல் அது ஆங்கிலேயர் வசமானதும் பாடநூல்களிலே உள்ள செய்திகள். அவற்றை மீண்டும் விரித்துரைப்பது என் நோக்கமன்று. கமராவும் கையுமாகக் கோட்டைக்குச் செல்கின்ற ஒருவர், தமக்கெனத் தனியாக ஒரு வழிகாட்டியை முன்கூட்டியே அமர்த்திக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரம் படம் எடுத்தவண்ணம் வீதிகளிலே உலாவிவரும் வழக்கம் ஒன்று இக்காலத்திலே தோன்றியிருக்கின்றது. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

இவ்வழக்கம் காலிக்கு மட்டும் உரியதன்று. லிஸ்பன், பிராக், இஸ்தான்புல் முதலிய பழைய நகரங்கள் யாவற்றிலும் இன்று இதனைக் காணலாம். ஏற்பாடு எளியது. பயணத்துக்குச் சில தினங்களுக்கு முன்னரே வழிகாட்டியோடு தொடர்புகொண்டு, நாளையும் நேரத்தையும் குறித்து, முற்பணம் ஒன்றைச் செலுத்திவிட்டால், அந்த நேரம் முழுவதும் அவர் உமக்கே உரியவர். வேறு எவரும் அக்கூட்டத்திலே சேரமாட்டார். ஆனால், ஒரே பெயரால் வழங்கப்படும் இவ்வுலாவிலே இரண்டு வகை உண்டு என்பதை முதலிலே தெரிந்துகொள்ளல் வேண்டும். ஒன்று, நீர் படம் எடுப்பதற்கு ஒருவர் வழிகாட்டுவது. மற்றையது, நீர் நிற்க உம்மை ஒருவர் படம் எடுப்பது. புதுமணத் தம்பதிகள் பட்டாடையும் பூமாலையுமாக மதிலின்மேல் நிற்பதைக் காண்கின்றீர்களே, அது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இவ்விரண்டிலே எது வேண்டுமென்று தெளிவாகச் சொல்லாமல் பணம் செலுத்தியவர்கள், தாம் கொண்டுசென்ற நல்ல கமராவைத் தோளிலே தொங்கவிட்டபடி, வெளிச்சவீட்டின் முன்னே சிரித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிய கதைகளை நான் கேட்டிருக்கின்றேன். நான் பேசப்போவது முதல் வகையைப் பற்றி.

இவ்விடத்திலே நேயர்களுள் சிலர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். கோட்டையோ சிறியது. மதிலைச் சுற்றினால் மூன்று கிலோமீற்றர் வரையில்தான் இருக்கும். உள்ளே நுழைவதற்குக் கட்டணம் இல்லை. மதிலின்மேல் யாரும் நடக்கலாம். வீதிகள் நேராக ஓடுகின்றன. வழி தவறினாலும் ஐந்து நிமிடத்திலே கடலோ மதிலோ எதிர்ப்பட்டுவிடும். இத்தகைய ஊருக்கு வழிகாட்டி எதற்கு? நியாயமான கேள்விதான். சரித்திரத் தகவல்களைச் சொல்லுவதற்காக என்றால் வழிகாட்டி வேண்டியதில்லை. கையடக்க நூல் ஒன்றே போதும். ஒளிப்பட உலாவிலே நாம் பணம் கொடுத்துப் பெறுவன இரண்டு. ஒன்று, எந்த நேரத்திலே எந்த வீதியிலே வெயில் எப்படி விழும் என்ற அறிவு. மற்றையது, அவ்வீதியிலே குடியிருப்போரோடு வழிகாட்டிக்கு உள்ள பழக்கம். முதலாவதை ஒருவர் நாலு நாள் தங்கித் தாமே கற்றுக்கொள்ளலாம். இரண்டாவதை நாலு நாளிலே பெற முடியாது.

வெயிலைப் பற்றி முதலிலே சொல்லிவிடுகின்றேன். காலி நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஆறு பாகையில் உள்ளது. ஆண்டு முழுவதும் காலை ஆறு மணிக்கும் ஆறரை மணிக்கும் இடைப்பட்ட நேரத்திலே, சிற்சில நாட்களில் அதற்குச் சற்று முன்னதாக, சூரியன் உதிக்கின்றது. ஐரோப்பிய நாடுகளிலே சூரியன் சாய்வாக, மெல்ல மெல்ல மேலே ஏறும். நமது நாட்டிலோ அது ஏறக்குறைய நிமிர்ந்தே எழும். ஒன்பது மணியளவில் வானத்தில் ஏறக்குறைய நாற்பது பாகை உயர்ந்துவிடும். ஏப்ரில் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகலில் அது தலைக்கு நேரே நிற்கும். அப்பொழுது நட்டுவைத்த கோலுக்கும் நிழல் இல்லை. படத்துக்கு உயிர் கொடுப்பது நிழல். ஆகையால், பொன்னிறமான சாய்வெயில் காலையிலே ஒன்றரை மணி நேரம், மாலையிலே ஒன்றரை மணி நேரம், அவ்வளவே நமக்குக் கிடைப்பது. ஒன்பது மணிக்கு மேலே வெள்ளைச் சுவர்கள் கண்ணைக் கூசச் செய்யும். ஓட்டுக் கூரைகளின் கீழே விறாந்தைகள் இருண்ட குகைகள் போலாகிவிடும். கமரா எத்தனை விலையுயர்ந்ததானாலும் அந்த வெள்ளையையும் அந்தக் கருமையையும் ஒரே படத்திலே அடக்கத் திண்டாடும்.

பெருங்கூட்டமாக அழைத்துச் செல்லப்படும் சுற்றுலாக்கள் பலவும் காலை உணவுக்குப் பின்னரே ஆரம்பமாகின்றன. இருபது பேர் எழுந்து குளித்து உண்டு கூடுவதற்கு அந்நேரம் ஆகிவிடுகின்றது; அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தனி உலாவுக்கு அந்தத் தடையில்லை. ஐந்தே முக்கால் மணிக்குப் பழைய கோட்டைவாயிலில் சந்திப்போம் என்று ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால் முடிந்தது. தனி உலாவின் விலை கூடுதலாக இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது என்பது என் கருத்து.

அந்தப் பழைய வாயிலிலே தொடங்குவதே நன்று. வெளிப்புறத்திலே பிரித்தானிய அரச இலச்சினை. உட்புறத்திலே 1669 என்ற ஆண்டு பொறித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம். இருபுறமும் சிங்கங்கள், உச்சியிலே ஒரு சேவல். மணிக்கூட்டுக் கோபுரத்தின் பக்கமாக மோட்டார் வண்டிகள் நுழைகின்ற அகன்ற வாயில், 1873ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் மதிலை உடைத்துத் திறந்தது. அவசரக்காரர் எல்லோரும் அந்த வழியாலேதான் வருகின்றனர். பழைய வாயிலோ தடித்த பண்டகசாலைக் கட்டிடத்தின் ஊடே, குகைபோல நீண்டு செல்வது. அந்த இருளுக்குள் நின்று வெளியே பார்த்தால், எதிரேயுள்ள மரங்களும் நடந்துபோகும் மனிதரும் ஒரு சட்டத்துக்குள் அமைந்தாற்போலத் தெரிவார்கள். படம் எடுக்கப் பழகுகின்றவருக்கு இதைவிட நல்ல முதற்பாடம் இல்லை.

அங்கிருந்து கிழக்கு மதிலோரமாகத் தெற்கே நடந்தால் வெளிச்சவீடு. இப்போதுள்ளது 1939இல் கட்டப்பட்டது. அதற்கு முன்னிருந்த பழையது தீக்கிரையாயிற்று. வெளிச்சவீட்டுக்கு எதிரே, வெண்ணிறமாக, இரண்டு கோபுரங்களோடு எழுந்து நிற்பது மீரான் பள்ளிவாசல். முதன்முறை பார்ப்பவர் அதனைக் கிறிஸ்தவ தேவாலயம் என்றே எண்ணுவர். கடலைப் பார்த்த அதன் முகப்பிலே காலை வெயில் நேரே விழுகின்றது. மாலையில் அதே முகப்பு நிழலில் மூழ்கிவிடும். மாலையிலே வருகின்ற பெரும்பாலோர் அதனை மங்கலாகப் படம் பிடித்துக்கொண்டு போவதற்குக் காரணம் இதுவே.

மாலைக்கு உரியது மேற்கு மதில். சூரியன் கடலிலே விழுவதை அங்கிருந்து காணலாம். ஊரவர் பிள்ளைகளோடு காற்று வாங்க வருவதும், இளைஞர் பட்டம் விடுவதும், குடையின் கீழே காதலர் ஒதுங்கி அமர்வதும் அந்தப் பக்கத்திலேதான். குடைகளை வேடிக்கையாகப் படம் எடுக்கின்றவர்களைப் பார்த்திருக்கின்றேன். அது பண்பன்று. வடக்கு மதிலிலே நின்றால் கீழே சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் தெரியும். 2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே நம் முத்தையா முரளிதரன் தமது எண்ணூறாவது டெஸ்ற் விக்கெற்றை வீழ்த்தியது அம்மைதானத்திலேதான். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது அம்மைதானமும் அப்பாலுள்ள பஸ் நிலையமும் புதிய நகரமும் பெருஞ்சேதமுற்றன. மதிலுக்குள்ளே இருந்த ஊர் பெரும்பாலும் தப்பிக்கொண்டது. மதிலைப் படம் எடுப்பவர் அந்த நாளையும் நினைத்துக்கொண்டால், அதன் தடிப்பு வேறுவிதமாகக் கண்ணிலே படும்.

இனி உள்வீதிகளுக்கு வருவோம். உலாவின் சாரம் அங்கேதான் இருக்கின்றது.

வீதிப் பெயர்களே ஒரு சரித்திரம். லேன்பான் வீதி என்றால் ஒல்லாந்த மொழியிலே கயிறு திரிக்கின்ற இடம் என்று பொருள். பெட்லர் வீதி, தலைச்சுமையாகப் பண்டம் விற்ற சோனக வணிகரை நினைவூட்டுவது. பரவர் பெயரால் வழங்கும் ஒரு வீதியும் உண்டு. முத்துக்குளித்துறையின் பரவர் குலத்தாரை எண்ணிப் பார்த்தால், இந்தத் தெற்குமுனைத் துறைமுகத்துக்கும் தமிழ்க் கடற்கரைக்கும் இருந்த தொடர்பு விளங்கும். அத்தொடர்பு ஒல்லாந்தருக்கும் போர்த்துக்கீசருக்கும் முந்தியது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டு தேதியிட்டுக் கொண்டுவந்து நிறுத்திய கல்வெட்டு காலி நகரிலேதான் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியிலும் எழுதப்பட்ட அக்கல், ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. அதன் தமிழ்ப் பகுதி தெவிநுவரையிலே கோயில்கொண்ட தெனவரை நாயனாரைப் போற்றுகின்றது. இன்று அதனைக் காண விரும்புவோர் கொழும்பு நூதனசாலைக்குத்தான் செல்லவேண்டும்.

கல்லிலே இருந்த தமிழ் கொழும்புக்குப் போய்விட்டாலும், நாவிலே உள்ள தமிழ் கோட்டையை விட்டுப் போகவில்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்ற முஸ்லிம் குடும்பங்களின் வீட்டுமொழி தமிழ். பக்கத்து வீட்டாரோடு சிங்களத்திலும், வெளிநாட்டாரோடு ஆங்கிலத்திலும் பேசுகின்ற அவர்கள், அடுக்களைக்குள்ளே பேசுவது நாம் பேசும் மொழியையே. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ செல்கின்ற ஒருவர், விறாந்தையிலே இருக்கும் ஒரு பெரியவருக்குத் தமிழிலே சலாம் சொன்னால், அவருடைய முகத்திலே தோன்றும் மாற்றத்தைக் காணலாம். அந்த மாற்றமே ஒரு படத்துக்குப் போதுமானது. ஆனால், அந்தக் கணத்திலே கமராவைத் தூக்குவதா, அல்லது அவர் சொல்லப்போவதைக் கேட்பதா என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நான் கேட்பவர்களின் பக்கம்.

ஒரு நாள் விடியற்காலையிலே நானும் ஒரு நண்பரும் அவ்வாறு ஓர் இளைஞரை அமர்த்திக்கொண்டு நடந்தோம். கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் அவர். வீதியின் ஒரு திருப்பத்திலே, மரத்தூண்கள் தாங்கிய தாழ்வான விறாந்தையில் மூதாட்டி ஒருவர் பனியிலே அமர்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்த கதவின் மேலே கண்ணாடிப் பலகணி. அதனூடே உள்முற்றத்து வெளிச்சம். ஒளிப்படக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நண்பருடைய கை கமராவுக்குப் போயிற்று. இளைஞர் அவருடைய மணிக்கட்டை மெல்லத் தொட்டு நிறுத்திவிட்டு, "மாமி, சுகமா? கால் நோவு எப்படி?" என்று கேட்டுக்கொண்டே படியிலே அமர்ந்துவிட்டார். கால் நோவைப் பற்றியும், கொழும்பிலுள்ள பேரனின் பரீட்சையைப் பற்றியும், மழையிலே ஒழுகுகின்ற ஓட்டைப் பற்றியும் பத்து நிமிடம் பேச்சு நடந்தது. அதன்பின்னரே, "இவங்க படம் எடுக்க ஆசைப்படுறாங்க" என்று சொன்னார். மூதாட்டி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எங்களைப் பார்த்தார். "எடுங்க மகன். ஆனா போன வருஷமும் ஆரோ எடுத்தாங்க. எனக்கு ஒண்டும் வந்து சேரல்லை" என்றார்.

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. கடைக்குப் போனவன் மிச்சச் சதத்தைத் தரவில்லை என்று சொல்லுகின்ற தொனியிலேயே சொன்னார். ஆயினும் அச்சொல் என்னை விட்டு அகலவில்லை. பத்து நிமிடத்துக்குள் வெயில் சற்று மேலே ஏறி, பலகணியின் ஒளி மங்கிவிட்டது. நண்பர் எதிர்பார்த்த படம் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொரு படம். அதிலே மூதாட்டி நேரே நம்மைப் பார்க்கின்றார்.

நம் நாட்டு ஒளிப்பட வரலாற்றிலேயே இந்தக் கணக்குத் தீராத ஒன்று. ஆங்கில நாட்டின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரான ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார், 1875ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து, களுத்துறையிலே வாழ்ந்து, 1879இல் இந்நாட்டிலேயே காலமானார். இங்கே அவர் எடுத்த படங்கள் சிலவே எஞ்சியுள்ளன. தம் வீட்டுக்கு விருந்தினராக வந்த மரியன் நோர்த் என்ற ஓவியரை அவர் எடுத்த படங்களுக்கு அவ்வோவியரின் பெயரே தலைப்பாக நிற்கின்றது. அயலிலே வாழ்ந்த நம்மவரை எடுத்த படத்துக்கோ, களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்பது போன்ற தலைப்புத்தான். கமரன் அம்மையாரின் கலைத்திறனைப் பற்றி எனக்கு ஐயமில்லை; அம்முகங்களை அவர் பார்த்த பார்வையிலே மரியாதையும் உண்டு. இருந்தபோதிலும் அவர்களுடைய பெயரை எவரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டாகின்றது, இனிக் கேட்டறிய வழியில்லை.

காலிக் கோட்டை 1988ஆம் ஆண்டிலே உலக மரபுரிமைத் தலமாக யுனெஸ்கோவினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பின்னர் வீடுகளின் விலை ஏறிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டவரும் கொழும்புச் செல்வந்தரும் பல வீடுகளை வாங்கினர். விடுதிகளும், நகைக்கடைகளும், உணவகங்களும் பெருகின. இடிந்து விழவிருந்த பல கட்டிடங்கள் இதனாலே காப்பாற்றப்பட்டன என்பதையும் மறுக்கலாகாது. எனினும் சுவர் இருக்கக் குடி பெயர்ந்த வீடுகள் பல. விறாந்தையிலே பிரம்பு நாற்காலி இருக்கும். அதிலே அமர்ந்திருப்பவர் நேற்று வந்து நாளை போகின்ற விருந்தினராக இருப்பார். எஞ்சியுள்ள பழைய குடிகளோ, வாசலிலே வந்து நின்றால் எவரோ படம் எடுக்கின்றார்கள் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றனர். கதவுகள் சாத்தப்பட்டுவிட்டால் ஒளிப்பட உலாவுக்கு மிஞ்சுவது வர்ணம் பூசிய பலகை மட்டுமே. ஆகையால் குடிகளின் மனம் கோணாதிருப்பதிலே வழிகாட்டிக்கும் பங்குண்டு, நமக்கும் பங்குண்டு.

இதனாலேதான், பதிவு செய்யுமுன் வழிகாட்டியிடம் என்ன கேட்பது என்பது முக்கியமாகின்றது. பெரும்பாலோர் விலையைக் கேட்டு நிறுத்திக்கொள்கின்றனர். விலையையும் கேட்கவேண்டியதுதான், அது ஆளுக்கா, குழுவுக்கா என்பதைத் தெளிவாகக் கேட்கவேண்டும். நூதனசாலைக் கட்டணமும், இடையிலே அருந்தும் தேநீரும் அதனுள் அடங்குமா என்றும் விசாரிக்கலாம். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அக்கரையிலே அடிப்பதால், மழை பெய்தால் முற்பணம் திருப்பித் தரப்படுமா அல்லது வேறு நாள் தரப்படுமா என்று எழுத்திலே பெற்றுக்கொள்வது நல்லது. மழையை நினைத்து உடனே கைவிட்டுவிடவும் வேண்டாம். நனைந்த வீதியிலே பழைய விளக்கொளி படிவதைப் போன்ற காட்சி வறண்ட காலத்திலே கிடைக்காது. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வழிகாட்டியிடம் உண்டா என்பதைக் கேட்பதிலும் கூச்சம் வேண்டியதில்லை.

இவையெல்லாம் கேட்ட பின்னர், நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த உலாவிலே எத்தனை வீட்டு வாசலில் நீர் நின்று பேசுவீர்?" என்பதே அது. உள்ளூரை அறிந்தவர் உடனே சிரித்துக்கொண்டு, இந்த வீட்டிலே இன்னார், அந்த வீட்டிலே இன்னார் என்று சொல்லத் தொடங்குவார். அறியாதவர், இருபத்தைந்து இடங்களைக் காட்டுவேன் என்பார். இரண்டு மணி நேரத்திலே இருபத்தைந்து இடம் என்றால் ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடமும் இல்லை. அதிலே நடக்கும் நேரமும் அடங்கும்! அத்தகையவரை நான் அமர்த்தமாட்டேன்.

சில விலக்குகளையும் சொல்லவேண்டும். பள்ளிவாசலுக்குள் செல்ல விரும்புவோர் காலணியைக் கழற்றி, உடலை மறைக்கும் உடையோடு, அங்குள்ளவரிடம் கேட்டுக்கொண்டு செல்லவேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலிலே வேண்டவே வேண்டாம். 1755ஆம் ஆண்டிலே எழுந்த ஒல்லாந்த தேவாலயத்தின் தரையிலே பதித்திருப்பவை கல்லறைக் கற்கள். அவற்றின்மேலே கமராவின் முக்காலியை இழுத்துச் செல்லலாகாது. ஆளில்லாமல் பறக்கும் கமராவைப் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். காவலர் நிற்கும் இடங்களைப் படம் எடுத்தலும் தகாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றி நான் தனியே சொல்லவேண்டியதில்லை. தாய் தந்தையர் எதிரே இல்லாதபோது கமராவைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்வதே முறை.

பணம் கொடுத்துப் படம் எடுப்பது சரியா என்று சிலர் கேட்கின்றனர். கொடிக்கல் கொத்தளத்தின் உச்சியிலிருந்து பாறைகளுக்கிடையே கடலுக்குள் பாய்ந்து காட்டுகின்ற இளைஞர்கள் உண்டு. அது அவர்களுடைய தொழில். கூலியைப் பேசிக் கொடுத்துவிட்டுப் படம் எடுப்பதிலே தவறில்லை. கொக்கலை, அகங்கமைக் கரைகளிலே கம்பத்தின்மேல் அமர்ந்து தூண்டிலிடுவோர் பலரும் இப்போது மீனைவிடக் கமராவையே எதிர்பார்த்து அமர்கின்றனர். அதனையும் நான் இழிவாகக் கருதவில்லை; வயிறு இரண்டுக்கும் பொது. ஆனால் தம் வீட்டு விறாந்தையிலே இருப்பவருக்கு நூறு ரூபாவை நீட்டுவது வேறு. அவர் தொழில் செய்யவில்லை. தம் வீட்டிலே இருக்கின்றார். அங்கே நீட்ட வேண்டியது எது என்பதை அந்த மூதாட்டியே சொல்லிவிட்டார்.

மாலை உலாவை அமர்த்தியவர்கள், சூரியன் மறைந்தவுடனே கமராவைப் பையிலே போட்டுவிடக் கூடாது. நமது அட்சரேகையிலே அந்திப்பொழுது மிகக் குறுகியது. இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். அதற்குள் வானம் கருநீலமாகும், வீடுகளிலே விளக்கேற்றுவார்கள், இரண்டு ஒளியும் சமமாக நிற்கின்ற ஏழெட்டு நிமிடம் ஒன்று வரும். வழிகாட்டி உண்மையிலே அனுபவசாலியானால், அந்த ஏழெட்டு நிமிடத்துக்கு உம்மைத் தகுந்த வீதித் திருப்பத்திலே கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். மீதிப் பணத்தைக் கொடுத்துக் கைகூப்புவது அதன் பின்னரே.

வீடு திரும்பியபின் செய்யவேண்டிய வேலையும் ஒன்று உண்டு. எவரெவரை அவர்கள் சம்மதத்தோடு எடுத்தீரோ, அவர்களுடைய பெயரையும் வீட்டு இலக்கத்தையும் அன்றே ஒரு தாளிலே குறித்து வைத்துக்கொள்ளும். கைப்பேசித் திரையிலே ஒரு கணம் காட்டுவது போதாது. சுவரிலே மாட்டிவைக்க வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்கின்றனர். நகரத்து ஒளிப்படக் கடையிலே அஞ்சலட்டை அளவிலே அச்சிட்டு, பின்புறத்திலே தேதியும் பெயரும் எழுதி, உறையிலிட்டு வழிகாட்டியின் பெயருக்கு அனுப்பிவிடலாம். அடுத்த முறை வேறொருவரை அழைத்துக்கொண்டு அந்த வீதியாலே வருகின்றபோது, அவர் அதனை வாசலிலே கொடுத்துவிட்டு, முன்னையிலும் சற்று அதிக நேரம் படியிலே அமர்ந்து பேசுவார்.